எழுபத்திரண்டு சீட்டு

முப்பது குழி.
ஒரு பக்கம் வாய்க்கால், மூன்று பக்கம் அடுத்தவர் வரப்பு.
வண்டிப்பாதை கிடையாது.
பாகூர் ஏரி நிரம்பினாலும்
மடைத்தண்ணீர் கடைசியாய் வந்து சேரும் கொல்லை.
பதினோரு வருஷம் குத்தகைக்கு வைத்திருக்கிறேன்.
எங்கே கோரை கிளம்பும்,
எந்த மூலையில் மண்வெட்டி இறங்க மறுக்கும்,
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

குழி பன்னிரண்டாயிரம் என்றார்கள்.
நியாயமான விலைதான்.
நியாயத்துக்குக் கொடுக்கத்தான் கையில் இல்லை.

வங்கியில் அந்தப் பையன் நல்ல பையன்,
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான்.
"முக்கால் பங்கு நாங்க தருவோம்மா,
கால் பங்கு உங்க கையிலேர்ந்து வரணும்."
கால் பங்கு, தொண்ணூறாயிரம்.
என் கால் பங்கு
சேற்றுக்குள் கிடக்கிறது தம்பி,
பதினோரு வருஷமாய், இரண்டு காலும்
என்று சொல்ல வாய்வரை வந்தது.
ஜெராக்ஸ் காகிதங்களை மடித்து
கத்தரிக்காய்ப் பைக்குள் சொருகிக்கொண்டு
பஸ் ஏறிவிட்டேன்.

நாத்தனார் புருஷன் கொளஞ்சி
மூணு வட்டிக்குத் தருகிறேன் என்றான்.
ஏறுவதற்கு ஓர் ஏணி,
அந்த ஏணி நிற்க இன்னோர் ஏணி.
வேண்டாம் என்றேன்.

வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுங்கள்
என்று சொல்லத்தான் முருங்கப்பாக்கம் போனேன்.
மர்செலின் அம்மா ரப்பர் பேண்டைப் பல்லில் கடித்தபடி
மருந்துச் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.
நான் சொன்னதைக் கேட்டுவிட்டு
"மொத்தமா குடுத்தா எனக்கு ஆகாது" என்றார்.
எனக்கு விளங்கவில்லை.

மொத்தமாய் வந்தால்
துலூஸிலிருந்து மகன் வருவான்,
ரெட்டியார்பாளையத்திலிருந்து மருமகன் வருவான்,
மூன்றாம் நாள் பீரோவில்
அந்துருண்டைதான் மிஞ்சும்.
"மாசாமாசம் வர்ற காசுக்கு யாரும் வர மாட்டாங்க.
அது மருந்துக்கும் மீனுக்கும் போயிடும்."
கால்குலேட்டரைத் தட்டி என் பக்கம் திருப்பினார்.
மாசம் ஐயாயிரம். எழுபத்திரண்டு மாசம்.
அட்வான்ஸ்?
"போன வாரம் கொண்டாந்தியே, கத்தரிக்கா"
என்றார், சிரிக்காமல்.

நடுவில் நீங்கள் கண்மூடினால், என்று கேட்டேன்.
கேட்டிருக்கக் கூடாதுதான்.
கேட்காமல் இருந்திருந்தால் இன்னும் தப்பு.
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
"எழுதிக்கோ. வாரிசையும் கட்டும்னு எழுதிக்கோ."

வக்கீல் எழுதினார், பதிவும் செய்தோம்.
இரண்டு மாசம் தவறினால் மூன்றாம் மாசம் சேர்த்துக் கட்டலாம்.
மூன்றும் தவறினால் பேசிக்கொள்ளலாம்.
'பேசிக்கொள்ளலாம்' சட்டத்தில் நிற்காது என்று
வக்கீல் பேனாவை எடுத்தார் அடிக்க.
இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டித் தடுத்தோம்.

அவர் மாமனார் காலத்து மூலப்பத்திரம் பிரெஞ்சில்.
விரல் வைத்துப் படித்துச் சொன்னார்:
வாய்க்கால், வரப்பு,
வடமேற்கு மூலையில் ஒரு புளியமரம்.
புளியமரமா?
மண்வெட்டி மறுக்கும் இடம் அதுதான்.
கல் என்றே நினைத்திருந்தேன் இத்தனை வருஷமும்.
அது வேர்.

ஐப்பசியில் நாற்று மூழ்கிப் போயிற்று.
இரண்டாயிரத்தோடு போய் நின்றேன்.
பேசிக்கொண்டோம்.
மீதி மூவாயிரத்தைக் கோழிக்கொண்டைப் பூ
தை வரைக்கும் இழுத்து அடைத்தது.
அந்த மாசச் சீட்டு மட்டும் மழையில் நனைந்து
கையெழுத்து ஊதாவாய்ப் பரவிக் கிடக்கிறது.
செல்லும் என்கிறார்.
அதன் பின்னாலேயே இன்னொரு தரம் எழுதி வாங்கினேன்.

நேற்றோடு பதினேழு சீட்டு.
அடுத்ததோடு தொண்ணூறாயிரம்,
அந்தப் பையன் முதல் நாளே கேட்ட கால் பங்கு.
முன்னால் வை என்றால் மலை,
பின்னால் வைத்துக்கொண்டே போனால்
மாசத்துக்கு ஒரு கல்.

கணக்குப்படி ஏழு குழி என்னுடையது,
மேலே ஓர் ஆயிரம் ரூபாய்.
எந்த ஏழு என்று பத்திரம் சொல்லவில்லை.
காலையில் புளியமரத்து மூலையில் நின்று
அங்கிருந்து எண்ணி, காலடியால் அளந்து,
ஏழாவது குழியில் ஒரு குச்சி நட்டேன்.
அதுவரை களை எடுத்தேன்.
குச்சிக்கு அந்தப்பக்கமும்
கோரை தலைநீட்டிக்கொண்டிருந்தது.
வெயில் ஏறிவிட்டது.
மிச்சத்தையும் பிடுங்கிவிட்டுத்தான் கரையேறினேன்.